நுண்பூச்சு வேலைக்கு ஸ்பிரே கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறை

அலமாரிக் கதவு, மேசை, நாற்காலி ஆகியவற்றில் தூரிகைக் கோடு தெரியாத வழவழப்பான பூச்சு வேண்டும் என்று விரும்புகிறவர்களில் பலர், எந்த ஸ்பிரே கருவி நல்லது என்று முதலில் விசாரிக்கிறார்கள். அதை வாங்கி வந்த பிறகுதான் அதில் எந்தப் பெயின்டை ஊற்றலாம் என்று பார்க்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. எந்தப் பெயின்ட், எவ்வளவு பரப்பு, எந்த இடத்தில் வேலை என்ற மூன்றும் முடிவானால், கடையில் இருக்கும் கருவிகளில் பெரும்பாலானவை தாமாகவே விலகிவிடும்.

ஸ்பிரே கருவி செய்வது திரவத்தைத் துளிகளாகச் சிதறடிப்பது மட்டுமே. துளிகள் பொடியாகவும் ஏறத்தாழ ஒரே அளவிலும் இருந்தால், பரப்பில் விழுந்ததும் ஒன்றோடொன்று கலந்து, உலர்வதற்குள் சமமாகப் படிந்துவிடும். துளிகள் பெரிதாக இருந்தால், பரவி முடிவதற்குள் இறுகி, ஆரஞ்சுத் தோலைப் போன்ற மேடுபள்ளத்தை விட்டுச் செல்லும். நீர்த்த லேக்கரைச் சிதறடிக்கக் குறைந்த விசையே போதும். நீரில் கரையும் கெட்டியான எனாமலுக்கு அதைவிடப் பல மடங்கு விசை வேண்டும். ஒரே கருவி ஒருவருக்கு அருமையாகவும் இன்னொருவருக்குப் பயனற்றதாகவும் தெரிவதற்குப் பெரும்பாலும் இந்த வேறுபாடுதான் காரணம்.

நுண்பூச்சுக்கு முதலில் பரிசீலிக்க வேண்டியது எச்.வி.எல்.பி. (அதிகக் காற்று, குறைந்த அழுத்தம்) வகை. பழைய வகை ஸ்பிரே துப்பாக்கிகள் 40 முதல் 60 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்னும் அளவு) அழுத்தத்தில் பெயின்டை வீசுவதால், அதில் பெரும்பகுதி பரப்பில் பட்டுத் தெறித்துக் காற்றில் வீணாகிறது. எச்.வி.எல்.பி. துப்பாக்கி அதிகக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் பயன்படுத்துகிறது. துப்பாக்கியின் முனையிலுள்ள காற்று மூடியில் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.யைத் தாண்டுவதில்லை. இதனால் பெயின்ட் மிச்சமாகும், புகைமூட்டம் குறையும், ஓரங்களிலும் மூலைகளிலும் கை கட்டுப்பாட்டில் இருக்கும். இந்தக் காற்று, விசிறிகளால் காற்றை வீசும் டர்பைனிலிருந்தும் வரலாம், காற்றை அழுத்தித் தொட்டியில் சேர்க்கும் கம்ப்ரஸரிலிருந்தும் வரலாம்.

டர்பைன் கருவியைத் தூக்கிச் சென்று, மின் இணைப்பு உள்ள எந்த இடத்திலும் வேலையைத் தொடங்கலாம். அதன் காற்றில் எண்ணெயோ நீரோ கலப்பதில்லை. அதன் வலிமையை 3, 4, 5 என்று கட்ட எண்ணிக்கையால், அதாவது காற்றை அடுத்தடுத்து அழுத்தும் விசிறிகளின் எண்ணிக்கையால், குறிப்பிடுகிறார்கள். லேக்கர், ஸ்டெயின், வார்னிஷ் மட்டும் அடிக்கப்போகிறவருக்கு 3 கட்டம் போதும். நீரில் கரையும் எனாமலும் பிரைமரும் அடிக்க நினைப்பவர் 4 அல்லது 5 கட்டத்துக்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. டர்பைன் காற்று சூடாக வரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெப்பமான நாளில் அந்தச் சூடு பெயின்ட் படிவதற்கு முன்பே அதை இறுகச் செய்யும். அத்தகைய நாளில் உலர்வைத் தாமதப்படுத்தும் தின்னரைச் சேர்ப்பது உதவும்.

கம்ப்ரஸரை நம்புகிறவர் மிகவும் ஏமாறுவது சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) கணக்கில்தான். எச்.வி.எல்.பி. துப்பாக்கி ஒன்றுக்கு நிமிடத்துக்கு 8 முதல் 15 கன அடி காற்று தேவைப்படலாம். கம்ப்ரஸரின் மேல் பெரிதாக அச்சிடப்படும் எண் பெரும்பாலும் பிஸ்டன் இடம்பெயர்க்கும் அளவு. வெளியே உண்மையில் வந்து சேரும் காற்று அதைவிடக் கணிசமாகக் குறைவு. ஒரு குதிரைத்திறனுக்கு 3 முதல் 4 கன அடி என்று மதிப்பிட்டுக்கொண்டால் பெரிய தவறு நேராது. தொட்டி பெரிதாக இருந்தால் முதல் சில வீச்சுகள் நன்றாக வரும். பிறகு அழுத்தம் சரிந்து, பாதிக் கதவு வழவழப்பாகவும் மீதிப் பாதி சொரசொரப்பாகவும் ஆகிவிடும். சிறிய கம்ப்ரஸர்தான் இருக்கிறது என்றால், குறைந்த காற்றில் இயங்கும் எல்.வி.எல்.பி. துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, வேலை மெதுவாகத்தான் நடக்கும் என்பதை ஏற்றுக்கொள்ளலாம். காற்றுக் குழாயின் உள்விட்டம் குறைந்தது 3/8 அங்குலம் இருக்கட்டும்.

கம்ப்ரஸர் காற்றிலுள்ள ஈரத்தைப் பிரித்தெடுக்கும் நீர்ப்பிரிப்பானைப் பொருத்தும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருமுறை நான் தெளிவான லேக்கர் அடித்த கதவில், ஒரு நிமிடத்துக்குள் குண்டூசித் தலையளவு வட்டக் குழிகள் வரிசையாகத் தோன்றின. ஒவ்வொரு குழியின் நடுவிலும் மரம் அப்படியே தெரிந்தது. நீர்ப்பிரிப்பானைக் கம்ப்ரஸரின் வாயிலேயே மாட்டியிருந்தேன். அங்கே காற்று சூடாக இருப்பதால் ஈரம் இன்னும் ஆவியாகவே இருக்கும். ஆவியை அந்தக் கருவியால் பிடிக்க முடியாது. எண்ணெய் ஆவியும் அதோடு சேர்ந்தே போகிறது. சில மீட்டர் குழாய்க்குப் பிறகு, காற்று ஆறிய இடத்தில் பிரிப்பானையும் எண்ணெய் வடிகட்டியையும் மாட்டியதும் குழிகள் நின்றன.

பரப்பு பெரிதானால், அதாவது வரிசையாகப் பல கதவுகள், சுவர்ப் பலகைகள் என்று வேலை நீண்டால், ஏர்லெஸ் கருவி பயன்படும். அது காற்றே இல்லாமல், பெயின்டை ஆயிரக்கணக்கான பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் சிறு துளை வழியே தள்ளுகிறது. அதன் முனை எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்வது அவசியம். 310 என்றால் முதல் எண்ணை இரட்டித்து 6 அங்குல அகல வீச்சு என்றும், அடுத்த இரண்டு எண்களால் 0.010 அங்குலத் துளை என்றும் பொருள். நுண்பூச்சுக்கு 08 முதல் 12 வரையிலான துளைகளே பொருந்தும். குறைந்த அழுத்தத்தில் இயங்கும் நுண்பூச்சு முனைகளைக் கேட்டு வாங்குங்கள். ஏர்லெஸ் வீச்சின் ஓரத்தைக் காற்றால் மென்மையாக்கும் ஏர்-அசிஸ்டெட் வகை, தினமும் அலமாரி வேலை செய்யும் பட்டறைக்கு ஏற்றது. எப்போதாவது அடிப்பவருக்குத் தேவையில்லை.

எச்.வி.எல்.பி. துப்பாக்கியில் பெயின்ட் வெளிவரும் துளையான நாசிலின் அளவை, நான் முன்பு சொன்ன பெயின்டே முடிவு செய்யும். ஸ்டெயினுக்கும் லேக்கருக்கும் 1.0 முதல் 1.3 மி.மீ., வார்னிஷுக்கும் பாலியூரித்தேனுக்கும் 1.3 முதல் 1.5, நீரில் கரையும் எனாமலுக்கும் பிரைமருக்கும் 1.8 முதல் 2.0 வரை என்று தொடங்கலாம். நாசில், ஊசி, காற்று மூடி மூன்றும் ஒரே தொகுப்பாக உதிரியாகக் கிடைக்காத துப்பாக்கியை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் வாங்கமாட்டேன். நீரில் கரையும் பெயின்டுக்கு, திரவம் செல்லும் பாதை முழுவதும் துருப்பிடிக்காத எஃகாக இருப்பது நல்லது. அலமாரிக்கு உள்ளே சாய்த்துப் பிடித்து அடிக்க வேண்டியிருந்தால், மேலே கிண்ணம் வைத்த துப்பாக்கி இடிக்கும். அப்போது குழாய் வழியே அழுத்தத்தில் பெயின்ட் வரும் வகை உதவும்.

கருவியோடு, பெயின்டின் கெட்டித்தன்மையை அளக்கும் ஒரு பிசுபிசுப்புக் கிண்ணத்தையும் வாங்கிவிடுங்கள். கிண்ணத்தைப் பெயின்டில் முழுக்கித் தூக்கி, அடியிலுள்ள துளையிலிருந்து இழையாக வடிவது முதன்முதலாக அறுபடும் வரை எத்தனை விநாடி என்று எண்ண வேண்டும். பெயின்டின் தகவல் தாளில் இருக்கும் விநாடிக் கணக்குக்கு வரும்வரை, தாள் அனுமதிக்கும் அளவுக்குள் மட்டும் தின்னரோ நீரோ சேர்க்கலாம். அந்த அளவுக்குள் சரியாக வரவில்லை என்றால் பெரிய நாசிலுக்கோ வலிமையான கருவிக்கோ மாற வேண்டும். தின்னரை மேலும் ஊற்றினால் பூச்சு வலுவிழந்து வழியும்.

வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்க முடிந்தால், காற்று மூடியின் கொம்புகளை மேலும் கீழுமாகத் திருப்பி, வீச்சைக் கிடைமட்டமாக்குங்கள். செங்குத்தாக நிற்கும் அட்டையில் துப்பாக்கியை அசைக்காமல் பெயின்ட் வழியும்வரை அடியுங்கள். வழியும் கோடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இறங்கினால் துப்பாக்கி சமமாகப் பிரித்துக் கொடுக்கிறது. நடுவில் மட்டும் நீண்டால் பெயின்ட் அதிகம் அல்லது காற்று போதவில்லை. இரு ஓரங்களிலும் நீண்டால் காற்று மிகுதி. ஒரு பக்கம் மட்டும் நீண்டால் மூடியை அரைச்சுற்றுத் திருப்பி மறுபடி அடியுங்கள்: கோணலும் இடம் மாறினால் குறை மூடியில், மாறாவிட்டால் நாசிலில் அல்லது ஊசியில்.

செலவுக் கணக்கில் பாதுகாப்பையும் சேர்த்தே வையுங்கள். ஏர்லெஸ் முனையிலிருந்து வரும் பெயின்ட் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்; வெளியே சிறு புள்ளிதான் தெரிந்தாலும் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய காயம் அது. முனையைத் துடைக்கும் முன் அழுத்தத்தை வெளியேற்றி, விசைப்பூட்டைப் போட வேண்டும். ஹார்டனர் கலக்கும் பாலியூரித்தேனிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. வெளியிலிருந்து தூய காற்று வரும் முகமூடியை வாங்க முடியாதவர் அந்தப் பெயின்டையே தவிர்க்க வேண்டும். லேக்கர் ஆவி தீப்பற்றும் என்பதால், பெயின்ட் அடிக்கும் இடத்திலிருந்து டர்பைனைக் குழாயின் நீளம் அனுமதிக்கும்வரை தள்ளி, நல்ல காற்றோட்டத்தில் வையுங்கள். பெயின்ட் துகள்கள் அதன் வடிகட்டியில் புகாமலிருக்கவும் அதுவே வழி.