பேக்கிங் பவுடர் இல்லாத பேன்கேக் மாவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேக்கிங் பவுடர் தீர்ந்துபோன நேரத்தில், ஆப்ப சோடாவும் அதுவும் ஒன்றுதான் என்று எண்ணி, 2 டீஸ்பூன் பவுடருக்குப் பதிலாக 2 டீஸ்பூன் சோடாவையே போட்டுவிடுவதுதான் பேன்கேக், வாஃபிள் மாவில் நிகழும் பெரிய தவறு. பேக்கிங் பவுடரில் சோடாவும், அதனுடன் வினைபுரிவதற்கான அமில உப்பும், ஈரத்தை இழுத்துக்கொள்ளச் சோள மாவும் முன்பே கலந்திருக்கின்றன. தனிச் சோடாவின் வீரியம் அதைப்போல ஏறக்குறைய மூன்று, நான்கு மடங்கு. வாயு முழுமையாக வெளிவர அதற்குப் புளிப்பும் தேவை. புளிப்பு கிடைக்காமல் மிஞ்சும் சோடா, கல்லின் சூட்டில் சோடியம் கார்பனேட்டாக மாறிவிடுவதால், பேன்கேக்கைப் பிட்டால் உள்ளே மஞ்சள் திட்டுகள் தெரியும். நாக்கில் சோப்புச் சுவை நிற்கும். எவ்வளவு தேன் ஊற்றினாலும் அது மறையாது. மேலும், காரத்தன்மை கூடிய மாவு விரைவில் சிவந்துவிடும் என்பதால், வாஃபிள் உள்ளே வேகும் முன்பே வெளியே கருகத் தொடங்கும்.

சரியான கணக்கு இதுதான்: 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடருக்கு ஈடாக ½ டீஸ்பூன் சோடாவை எடுத்துக்கொண்டு, செய்முறையில் உள்ள 1 கப் பாலுக்குப் பதிலாக 1 கப் புளித்த மோரையோ, 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து ஐந்து நிமிடம் வைத்த பாலையோ சேர்க்க வேண்டும். பேருக்கு நான்கு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் போதாது. பாலைக் குறைக்காமல் அதன் மேல் தயிரையும் ஊற்றினால் மாவு நீர்த்துக் கல்லில் ஓடிவிடும். அமெரிக்கச் செய்முறைகளில் வரும் பட்டர்மில்க் கெட்டியானது. நம் நீர்மோர் அதற்கு ஈடாகாது என்பதால், கெட்டித் தயிரைச் சிறிது தண்ணீர் விட்டுக் கடைந்து சேர்ப்பதே நல்லது.

அடுத்த தவறு, கரைத்த மாவைக் காக்க வைப்பது. கடைகளில் கிடைக்கும் பேக்கிங் பவுடர்களில் பல, ஈரம் பட்டதும் ஒரு முறையும் சூடு பட்டதும் மறுமுறையும் வாயுவை விடுபவை. சோடாவும் தயிருமோ சேர்ந்த உடனேயே பொங்கிவிடுகின்றன. இட்லி மாவில் நுண்ணுயிர்கள் தொடர்ந்து வாயுவை உண்டாக்கிக்கொண்டிருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. ஆகவே உலர்ந்த பொருட்களையும் ஈரமானவற்றையும் தனித்தனியே தயாராக வைத்து, கல் காய்ந்த பிறகு இரண்டையும் சேர்த்து, சிறு கட்டிகள் இருந்தாலும் பொருட்படுத்தாமல் உடனே ஊற்ற வேண்டும். கட்டி கரையும்வரை அடித்தால் வாயு வெளியேறும். மைதாவும் இழுவை கண்டு ரப்பர்போல் ஆகும்.

ஈனோவில் சோடாவுடன் சிட்ரிக் அமிலமும் இருப்பதால் அவசரத்துக்கு உதவும். ஆனால் அதன் நுரை இன்னும் விரைவாக அடங்கும். வாசனை சேர்த்த பொட்டலத்தை வாங்கிவிடக் கூடாது.

சோடாவும் இல்லையென்றால், வாஃபிளுக்கு முட்டை வெள்ளைக்கருவைத் தனியே எடுத்து, கூம்பாக நிற்கும்வரை அடித்து, இறுதியில் மென்மையாக மடித்துக் கலக்கலாம். மஞ்சள் கருவின் ஒரு துளியோ கிண்ணத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தாலும் அது சரியாக நுரைக்காது.