லியோன்ல ஞாயிறு ராத்திரி, திங்கக்கிழமை நல்ல ரெஸ்டாரண்ட் கண்டுபிடிக்கிறது எப்படி?

பிரான்ஸ்ல சாப்பாட்டுக்குன்னே பேர் வாங்குன ஊர் லியோன். அந்த ஊர்ல போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி அம்மா அப்பாவ கூட்டிக்கிட்டு ஒன்றரை மணி நேரம் அலைஞ்சேன். பாரிஸ்ல இருந்து ரயில்ல ரெண்டு மணி நேரம், பார்தியூ ஸ்டேஷன்ல இறங்கி ரூம்ல பைய போட்டுட்டு, நான் ஏற்கனவே குறிச்சு வெச்சிருந்த நாலு கடைக்கும் வரிசையா நடந்தோம், நாலும் பூட்டியிருந்துச்சு. அப்பாவுக்கு சுகர், நேரத்துக்கு சாப்பிட்டே ஆகணும். கடைசில ஸ்டேஷன் பக்கம் திரும்பி வந்து ஆறிப்போன சாண்ட்விச் வாங்கி ரூம்ல உக்காந்து சாப்பிட்டோம். அம்மா "பரவால்லப்பா, நாளைக்கு பாத்துக்கலாம்"னு சொன்னாங்க. மறுநாள் திங்கக்கிழமை, அன்னிக்கும் அதே நிலைமைதான். அவங்க ரெண்டு பேரும் அவ்ளோ தூரத்துல இருந்து வந்து முதல் ரெண்டு நாளும் சரியா சாப்பிடலயேன்னு எனக்கு இப்ப நெனச்சாலும் வருத்தமா இருக்கு.

அதுக்கப்புறம் வேலைக்காக இங்கயே வந்துட்டேன். ஊர்ல இருந்து யார் வந்தாலும் ஞாயிறு திங்கள்ல எங்க சாப்பிடறதுன்னு என்னத்தான் கேக்கறாங்க, அதனால நான் இப்ப பண்ற முறைய அப்படியே எழுதிடறேன். பிரெஞ்சு தெரியணும்னு அவசியம் இல்ல, ஒரு அஞ்சாறு வார்த்தை போதும்.

ஸ்டெப் 1: தேதிய பாருங்க

உங்க தேதி என்ன கிழமை, அன்னிக்கு அரசு விடுமுறை ஏதாவது இருக்கான்னு பாத்துக்கோங்க. வருஷத்துக்கு மொத்தம் 11 விடுமுறை. ஈஸ்டர் திங்கள், பெந்தகோஸ்தே திங்கள் ரெண்டும் பேருக்கேத்த மாதிரி திங்கள்லயேதான் வரும், அதனால வழக்கமா திங்கள் திறக்கிற கடைகூட அன்னிக்கு மூடியிருக்கலாம். மே மாசம் 1, 8ன்னு ரெண்டு தேதி, அசென்ஷன் பண்டிகை வர்ற வியாழனும் பெரும்பாலும் மே மாசத்துலதான் விழும். மே 1 மட்டும் தனி ரகம், சட்டப்படி சம்பளத்தோட கட்டாய விடுமுறை அது ஒண்ணுதான், அன்னிக்கு ஊரே அடங்கிடும். ஆகஸ்ட் பத்தி கீழ சொல்றேன்.

ஸ்டெப் 2: நாளை ரெண்டா பிரிங்க (நான் கோட்டை விட்டது இங்கதான்)

இந்த ஒரு விஷயம் புரிஞ்சுட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. நம்ம ஊர்ல கடை திறந்திருக்கா இல்லையான்னு நாள் கணக்குலதான் யோசிப்போம், காலைல திறந்தா ராத்திரி வரைக்கும் ஏதாவது கிடைக்கும். இங்க கணக்கே வேற. மதியம் ஒரு வேளை, ராத்திரி ஒரு வேளை, ஒவ்வொண்ணையும் தனித்தனியா திறப்பாங்க, தனித்தனியா மூடுவாங்க. மதியத்துக்கு 'மிடி', ராத்திரிக்கு 'சுவார்'. ஞாயிறு 'திமான்ஷ்', திங்கள் 'லன்டி'. திறந்திருக்கும்னா 'ஊவேர்', மூடியிருக்கும்னா 'ஃபெர்மே'. இந்த ஆறு வார்த்தையையும் போன்ல எழுதி வெச்சுக்கோங்க.

நான் குறிச்சு வெச்ச நாலு கடைல ரெண்டு கடை ஞாயித்துக்கிழமை நிஜமாவே திறந்திருந்த கடைங்கதான். ஆனா மதியம் மட்டும். ஞாயிறு மதியம் குடும்பமா உக்காந்து நிதானமா சாப்பிடறது இங்க பெரிய வழக்கம், அதுக்காக திறப்பாங்க, மூணு மணிக்கு கடைசி ஆள் எழுந்து போனதும் சாத்திட்டு செவ்வாய்க்கிழமைதான் திரும்ப திறப்பாங்க. கதவுல "ஃபெர்மே திமான்ஷ் சுவார் எ லன்டி"ன்னு தெளிவா எழுதி ஒட்டியிருந்துச்சு, அதாவது ஞாயிறு ராத்திரியும் திங்களும் லீவு. நான் வெப்சைட்ல 'திமான்ஷ்'ன்ற வார்த்தைய மட்டும் பாத்துட்டு பக்கத்துல 'மிடி'ன்னு இருந்தத கவனிக்கல. அதனால ஒரு வாரத்த ஏழு நாளா பாக்காதீங்க, பதினாலு வேளையா பாருங்க. உங்களுக்கு வேணும்ங்கிற வேளை ஞாயிறு சுவாரா, லன்டி மிடியா, லன்டி சுவாரா, அத முதல்ல முடிவு பண்ணிட்டு அந்த ஒரு வேளைய மட்டும் தேடுங்க.

ஏன் இப்படின்னு ஆரம்பத்துல எனக்கு கோவமா வந்துச்சு. ஞாயிறு ஓய்வுன்னு இங்க 1906லயே சட்டம் போட்டுட்டாங்க, ஹோட்டல் ரெஸ்டாரண்டுக்கு மட்டும் வேற நாள்ல ஓய்வு விட்டுக்கலாம்னு விலக்கு உண்டு. இருந்தாலும் சமையல்காரங்க நாலு பேர் இருக்கிற சின்ன கடைல ஷிப்ட் மாத்தி ஆள் போட முடியாது, அதனால எல்லாருக்கும் சேத்து ஒரே நேரத்துல லீவு விட்டுடறாங்க. அது போக சோன் நதிக்கரைல இருக்கிற சாந்த்-அந்துவான் சந்தை, மலை மேல க்ருவா-ரூஸ் சந்தை, ரெண்டுமே செவ்வாய்ல இருந்து ஞாயிறு காலை வரைக்கும்தான், திங்கள் கிடையாது. சந்தைல வாங்கி அன்னன்னிக்கு சமைக்கிற ஆளுக்கு திங்கள் கடை திறந்து என்ன பிரயோஜனம்? ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அடுப்புல நிக்கிறவங்களுக்கு வீட்டோட இருக்க அந்த ஒன்றரை நாள்தான் கிடைக்குது. இது தெரிஞ்சதுல இருந்து பூட்டின கதவ பாத்தா எனக்கு கோவம் வர்றதில்ல.

ஸ்டெப் 3: தேடுற விதம்

மேப் ஆப்ல 'இப்போ திறந்திருக்கு'ன்னு ஒரு பட்டன் இருக்கும், அத முன்கூட்டியே தேடும்போது தொடாதீங்க, அது இந்த நிமிஷத்துக்கான பதில். நேரம் செட் பண்ற இடத்துல ஞாயிறு, ராத்திரி 8 மணின்னு போட்டு தேடுங்க. 6 மணின்னு போட்டா காபி பார் எல்லாம் வந்து நிக்கும்.

ஆனா மேப்ப மட்டும் நான் நம்புறதில்ல, கடைக்காரர் நேரத்த மாத்தினத அதுல போட மறந்திருக்கலாம். எனக்கு ரொம்ப பிடிச்ச வழி டேபிள் புக் பண்ற ஆப்தான், தி ஃபோர்க் மாதிரி. சாப்பிடறது நானாவே இருந்தாலும் இல்லாட்டியும் அதுல ஞாயிறு, 20:00, ரெண்டு பேர்னு போட்டு பாப்பேன். டேபிள் காட்டுதுன்னா அந்த வேளைக்கு கடைக்காரரே டேபிள் ஒதுக்கி வெச்சிருக்காருன்னு அர்த்தம், அத விட நல்ல சாட்சி கிடைக்காது. அதுல இல்லாத நல்ல கடைங்களும் நிறைய இருக்கு, அதுக்கு கடையோட சொந்த வெப்சைட்டயும், கதவ போட்டோ எடுத்து யாராவது போட்டிருக்காங்களான்னும் பாருங்க. ரிவ்யூவ புதுசுல இருந்து பழசுன்னு வரிசைப்படுத்தி, சமீபத்துல யாராவது ஞாயிறு ராத்திரி போயிருக்காங்களான்னு தேடுங்க. ஸ்டார் எண்ணிக்கைய விட அது முக்கியம்.

லோக்கல் ஆளுங்க புரட்டுறது லெ பெத்தி பொமே. இங்க இருக்கிற பிசினஸ் ஸ்கூல் மாணவர்கள் 1968ல இருந்து போடற இலவச கைடு, வெப்சைட்டும் இருக்கு. படிக்கிற பசங்க சாப்பிட்டு பாத்து எழுதறது, அதனால டூரிஸ்ட் வாசனை அடிக்காது.

ஸ்டெப் 4: எந்த மாதிரி கடைங்க திறந்திருக்கும்

இங்கதான் உங்க எதிர்பார்ப்ப கொஞ்சம் மாத்திக்கணும். லியோன்னா எல்லாரும் பூஷோன் தேடுவாங்க, அதாவது சின்ன ஹால், நெருக்கி போட்ட மேஜை, இந்த ஊரோட பாரம்பரிய சமையல். நல்ல பூஷோன் ஞாயிறு ராத்திரி கிடைக்கிறது கஷ்டம். அத செவ்வாய்க்கு தள்ளி வெச்சுட்டு ஞாயிறுக்கு பிராஸரி போங்க. பிராஸரின்னா பெரிய ஹால், நிறைய ஆளுங்க, அதனால ஷிப்ட் மாத்தி வாரம் முழுக்க ஓட்ட முடியும். பெராஷ் ஸ்டேஷன் பக்கத்துல பிராஸரி ஜார்ஜ், 1836ல அல்சாஸ் பக்கத்துல இருந்து வந்த பீர் தயாரிக்கிறவர் ஆரம்பிச்சது, நடுவுல ஒரு தூண்கூட இல்லாத பிரம்மாண்டமான ஹால். நூத்துக்கணக்கான பேர் ஒரே நேரத்துல உக்காரலாம், வாரத்துல ஏழு நாளும் உண்டு. அடுத்த தடவை அம்மா அப்பா வந்தப்ப ஞாயிறு ராத்திரி அங்கதான் கூட்டிட்டு போனேன். அப்பா மேல நிமிந்து அந்த கூரையவே பாத்துட்டு இருந்தாரு. ஊர் நடுவுல ரு நவ் தெருல லெ நோர், சமையல் மேதை பால் பொக்கூஸ் 1994ல தொடங்குன பிராஸரி, அதுவும் என் லிஸ்ட்ல உண்டு.

திங்கள் மதியத்துக்கு ஒரு நல்ல சூட்சுமம் இருக்கு. ஆபீஸ் இருக்கிற தெருக்கள்ல, டவுன்ஹால் சுத்துவட்டாரத்துல, சில கடைங்க ஆபீஸ் ஆளுங்களுக்காகவே நடத்துறது, அவங்க லீவு சனி ஞாயிறு. திங்கள் காலைல புதுசா ஆரம்பிப்பாங்க. அதனால திங்களுக்கு தேடும்போது "சனி ஞாயிறு ஃபெர்மே"ன்னு இருக்கிற கடைய தேடுங்க. சனிக்கிழமை பூட்டியிருக்கேன்னு நாம ஒதுக்கி வெக்கிற கடைங்கதான் திங்களுக்கு கை கொடுக்கும். எனக்கு இது தெரிய ரொம்ப நாளாச்சு.

கியோத்தியேர் பக்கம், மெட்ரோ டி லைன்ல இறங்குனா, சீன, வியட்நாம் கடைங்க வரிசையா இருக்கும். ஞாயிறு ராத்திரி சூடா ஒரு கிண்ணம் ஃபோ சூப் வேணும்னா அங்க போங்க. பழைய லியோன்ல ரு சேன்-ஜான் தெரு 1998ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்த பகுதி, ஞாயிறும் கடைங்க திறந்திருக்கும், ஆனா எல்லாமே நல்லா இருக்கும்னு சொல்ல மாட்டேன். அங்க போனா மெனுல குட்டி சட்டி மேல கூரை வெச்ச மாதிரி ஒரு சின்னம் இருக்கான்னு பாருங்க, அதுதான் 'ஃபே மேசோன்', அதாவது அங்கயே சமைச்சதுன்னு அர்த்தம், 2014ல வந்த சட்டம். அது இல்லாத கடை மோசம்னு இல்ல, பல கடை இருக்கும்போது வடிகட்ட உதவும்.

ஞாயிறு மதியம்னா கவலையே இல்ல. காலைலயே லா ஆல் பால் பொக்கூஸ் மார்க்கெட்டுக்கு போங்க, பார்தியூ ஸ்டேஷன்ல இருந்து நடந்துடலாம். சீஸ், மீன், சிப்பி எல்லாம் கடைங்க வரிசையா இருக்கும், உள்ளயே சாப்பிடலாம். மதியத்துக்கு மேல மூட ஆரம்பிச்சுடுவாங்க, திங்கள் பெரும்பாலும் லீவு.

ஸ்டெப் 5: போன் பண்ணுங்க

தயங்காதீங்க, ஒரே வாக்கியம்தான்: "போன்ஜூர், வூ-ஸெத் ஊவேர் திமான்ஷ் சுவார்?" திங்கள் மதியத்துக்கு கடைசி ரெண்டு வார்த்தைய 'லன்டி மிடி'ன்னு மாத்திக்கோங்க. போன்ஜூர் சொல்லாம நேரா கேக்காதீங்க, இங்க அது மரியாதைக்குறைவு. காலைல பதினொண்ணு வாக்குல இல்லாட்டி சாயங்காலம் ஆறரைக்கு பண்ணுங்க, சாப்பாட்டு நேரத்துல யாரும் எடுக்க மாட்டாங்க. முக்கியமா சனிக்கிழமையே பண்ணிடுங்க. ஞாயிறு ராத்திரி போன் பண்ணி எடுக்கலன்னா மூடியிருக்காங்களா, கூட்டத்துல எடுக்கலயான்னு கண்டுபிடிக்கவே முடியாது.

சாப்பாடு பத்தி கொஞ்சம்

சைவம் சாப்பிடறவங்க 'செர்வெல் த கனூ' கேளுங்க. பட்டு நெசவாளியோட மூளைன்னு அர்த்தம் வந்தாலும் அது மூலிகையும் பூண்டும் கலந்த வெள்ளை சீஸ்தான், அம்மா ரொம்ப விரும்பி சாப்பிட்டாங்க. சாலட் லியோனேஸ்னு பாத்து சாலட்தானேன்னு சொல்லிடாதீங்க, அதுல பன்றிக்கறி துண்டு இருக்கும். கெனெல் மீன்ல செய்யறது. ஆந்துய்யெத் குடல்ல செய்யறது, வாசனை கடுமையா இருக்கும். பிராஸரில பிரபலமான ஷூக்ரூத் முட்டைகோஸ், ஆனா மேல முழுக்க பன்றிதான்.

அப்டேட்: கமெண்ட்ல ஒருத்தங்க, கடை திறந்திருந்தும் சாப்பாடு தரலன்னு எழுதியிருந்தாங்க. குழந்தைக்கு பசின்னு சாயங்காலம் அஞ்சரைக்கு போயிருக்காங்க. இத நான் சொல்லியிருக்கணும். கடை திறந்திருந்தாலும் கிச்சன் ரெண்டு ரெண்டரைக்கு மூடுனா ராத்திரி ஏழு ஏழரைக்குதான் திரும்ப அடுப்பு பத்த வெப்பாங்க. நடுவுல டீ, காபி, பீர் மட்டும் கிடைக்கும். குழந்தையோட வர்றவங்க 'செர்வீஸ் கோந்தினு'ன்னு போட்ட கடைய தேடுங்க, அங்க மட்டும்தான் இடைவெளி இல்லாம சமைப்பாங்க.

இன்னொரு அப்டேட்: ஆகஸ்ட் பத்தி மூணு பேர் கேட்டுட்டாங்க. ஆகஸ்ட்ல இந்த கிழமை கணக்கு எதுவும் செல்லாது, சின்ன கடைங்க ரெண்டு மூணு வாரம் சேந்தாப்புல பூட்டிட்டு ஊருக்கு போயிடுவாங்க. கதவுல 'கோஞ்ஜே'ன்னு ஒட்டியிருந்தா அதான். அந்த மாசம் நான் வெப்சைட்ட பாக்கறதே இல்ல, நேரா ஸ்டெப் 5தான், யாரும் எடுக்கலன்னா பிராஸரி.

டிசம்பர்ல சேத்தது: டிசம்பர் 8 ஒட்டி நாலு நாள் விளக்கு திருவிழா நடக்கும். அப்ப ஞாயிறும் நிறைய கடை திறந்திருக்கும், ஆனா டேபிள் இருக்காது. இந்த வருஷம் வர்ற சொந்தக்காரங்களுக்கு நவம்பர்லயே புக் பண்ணிட்டேன், நீங்களும் அப்படியே பண்ணிடுங்க.