அதே 2, ஒருமுறை 404, ஒருமுறை 500: எரர் கோடை அடுக்கு அடுக்காகக் கையாள்வது

லினக்ஸில் ஒரு சின்ன வெப் ஆப். பயனர் கேட்கும் படத்தை டிஸ்க்கிலிருந்து எடுத்து, மேலே நம் வாட்டர்மார்க்கை ஒட்டி அனுப்புகிறது. படத்தின் ஃபைலைக் காணோம். அந்தச் சேதி பிரவுசர் வரை எப்படிப் போக வேண்டும்? கீழிருந்து ஏறுவோம்.

படி 1: ஃபைல் இல்லையென்றால் கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) தருவது -2. சி லைப்ரரி அதை வாங்கி, நம்மிடம் -1 என்று மட்டும் சொல்லிவிட்டு, 2ஐ 'எர்நோ' (errno) என்ற வேரியபிளில் வைக்கும். அனுமதி இல்லையென்றால் 13, டிஸ்க் நிரம்பினால் 28.

படி 2: சி-யில் எழுதுபவர்கள் -1ஐப் பார்த்த கையோடு எர்நோவை வேறு வேரியபிளில் எடுத்து வையுங்கள். நடுவில் அழைக்கும் எந்த ஃபங்ஷனும் அதை மாற்றிவிடலாம். நான் கற்ற புதிதில் லாக் எழுதிவிட்டுத்தான் எர்நோவைப் பார்ப்பேன். லாக் ஃபைலைத் திறக்கவே அனுமதி இல்லை. 2 இருந்த இடத்தில் 13 வந்து உட்கார்ந்துகொண்டது. இல்லாத ஃபைலுக்காக ஃபோல்டரின் அனுமதியை மாற்றி மாற்றியே ஒரு மதியம் போனது.

படி 3: பைத்தானில் இந்தத் தொல்லை இல்லை. 3.3 பதிப்பிலிருந்து 2 வந்தால் 'ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர்', 13 வந்தால் 'பெர்மிஷன்எரர்' என்று பிரித்தே தருகிறது.

படி 4: அதை அப்படியே மேலே விடாதீர்கள். படம் கேட்பவருக்கு அது டிஸ்க்கில் இருக்கிறதா, டேட்டாபேஸில் இருக்கிறதா என்ற கவலை எதற்கு? 'படம் இல்லை' என்று நீங்களே ஒரு எக்செப்ஷன் (பிழை வகை) வகுத்து 'ரெய்ஸ்' செய்யுங்கள். வரியின் கடைசியில் 'ஃப்ரம்' போட்டுப் பழைய பிழையையும் கோத்துவிடுங்கள். ட்ரேஸ்பேக்கில் (பிழை வந்த வழியைக் காட்டும் பட்டியலில்) இரண்டும் தெரியும்.

இந்தப் பிழையைப் பிடிக்கும் 'ட்ரை'க்குள் படத்தைத் திறக்கும் வரி மட்டும் இருக்கட்டும். வாட்டர்மார்க் ஃபைல் தொலைந்தாலும் வருவது அதே 2தான். இரண்டையும் ஒரே 'ட்ரை'யில் போட்டால், நம் வீட்டுக் கோளாறுக்குப் பயனரிடம் 'நீங்கள் கேட்டது இல்லை' என்று பொய் சொல்வோம்.

படி 5: மேல் அடுக்கில் 'படம் இல்லை' என்பதை மட்டும் பிடித்து 404 ('கேட்டது இல்லை') அனுப்புங்கள். மற்றதெல்லாம் 500 ('சர்வரில் கோளாறு'). 13ஐப் பார்த்ததும் 403 ('உங்களுக்கு அனுமதி இல்லை') அனுப்பக் கை துறுதுறுக்கும். வேண்டாம்: அனுமதி இல்லாதது சர்வர் ப்ராசஸுக்கு, பயனருக்கு அல்ல.

படி 6: படத்தின் ஃபைல் பெயரை மாற்றிவிட்டுப் பக்கத்தைத் திறங்கள், 404 வர வேண்டும். அதைச் சரிசெய்துவிட்டு வாட்டர்மார்க்கின் பெயரை மாற்றுங்கள். இப்போதும் 404 வந்தால், படி 4க்குத் திரும்புங்கள்.