வீடு ஆபத்து என்று நகரசபை நோட்டீஸ் வந்தால் செய்யக்கூடாதவை

பாலக்காடு, சித்தூர் பக்கம் பழைய ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருக்கும் நம் ஆட்கள், நோட்டீஸைப் பார்த்ததும் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். ராத்திரியோடு ராத்திரியாகச் சாமானைக் கட்டிக்கொண்டு பொள்ளாச்சிக்கு வண்டி ஏறுவார்கள், இல்லையென்றால் "முப்பது வருஷமா விழாத சுவர் இப்பவா விழப்போகுது" என்று பாயை விரித்துப் படுத்துவிடுவார்கள். இரண்டிலும் நஷ்டம் வாடகைக்காரருக்குத்தான்.

தவறு அந்தத் தாளை வாங்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது. நோட்டீஸ் மலையாளத்தில் இருக்கும், நமக்குப் பேசினால் புரியும், எழுத்துதான் ஓடாது. கொண்டுவந்தவர் "இங்க ஒப்பிடு சேச்சி" என்றதும் கையெழுத்தைப் போட்டுவிடுகிறோம். வாங்கியதற்குக் கையெழுத்துப் போடுவதில் தப்பில்லை. ஆனால் அது வாங்கியதற்கா, காலி செய்யச் சம்மதித்ததற்கா என்று மலையாளம் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கையெழுத்தோடு தேதியும் போடுங்கள், மேல்முறையீட்டுக் கெடுவுக்கு அந்தத் தேதிதான் பேசும். பதிலைத் தமிழிலேயே எழுதலாம். குறைகளை மாநிலத்தில் புழங்கும் எந்த மொழியிலும் எழுதித் தரலாம் என்று அரசியல் சாசனத்தின் 350ஆம் பிரிவே சொல்கிறது. அப்புறம், கோயம்புத்தூர் பழக்கத்தில் மனுவைக் கமிஷனருக்கு எழுதாதீர்கள், இங்கே நகரசபைக்குச் செக்ரட்டரிதான்.

அந்தச் செக்ரட்டரிக்கு அதிகாரம் தருவது 1994ஆம் வருடத்துக் கேரள முனிசிபாலிட்டி சட்டம், 411ஆம் பிரிவு. நோட்டீஸ் 'இடி' என்று மட்டும்தான் சொல்லும் என்று நினைப்பது அடுத்த தவறு. முட்டுக்கொடு, பழுது பார், வேலி கட்டு என்றும் சொல்லலாம். எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வீட்டுக்காரர் வாய்மொழியாக "இடிக்கச் சொல்லிட்டாங்க" என்பார், தாளில் ஓடு மாற்றச் சொல்லியிருக்கும்!

பரிசோதனைக்கு ஓவர்சியர் வருகிறார் என்றதும் விரிசலைப் பூசி மறைப்பது இன்னொரு கூத்து. எங்கள் தெருவில் ஒருவர் வெட்டுக்கல் சுவரில் கை நுழையும் வெடிப்பைச் சிமெண்டு வைத்து அடைத்து, மேலே நீலச் சுண்ணாம்பும் அடித்தார். ஓவர்சியர் ஏமாந்தாரோ என்னவோ, அடுத்த மழைக்குச் சுவர் ஏமாறவில்லை. செல் அரித்த உத்திரம், ஊறிய சுவர், எல்லாவற்றையும் காட்டுங்கள், நீங்களும் போட்டோ எடுத்து வையுங்கள். கல்பாத்தி அக்கிரகாரம் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டை இடித்தால் உங்கள் சுவர் தனியாக நிற்கும், அதையும் மனுவில் எழுதுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, நோட்டீஸ் வந்ததால் வாடகை உரிமை போய்விட்டது என்று நம்பிச் சாவியைக் கொடுத்துவிடுவது. நகரசபை பார்ப்பது கட்டடத்தின் ஆபத்தை, உங்கள் வாடகையை அல்ல. கேரளத்தின் 1965 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, இடித்துக் கட்ட வேண்டும் என்றால் வீட்டுக்காரர் வாடகைக் கோர்ட்டுக்குப் போய், பிளானும் அனுமதியும் கையில் இருப்பதைக் காட்ட வேண்டும். கட்டி முடித்ததும் அந்த இடத்தில் முதல் உரிமை பழைய வாடகைக்காரருக்கு. நகராட்சி இடித்துவிட்டாலும் வாடகை உறவு தானாக முடிந்துவிடாது என்று 2014இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. நாமாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் இதெல்லாம் நமக்கு எதற்கு? எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதவர்கள் கரண்டு பில், வாடகை அனுப்பிய ஜிபே பதிவு, இந்த விலாசத்துக்கு வந்த கடிதம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

சரி, அதற்காக உரிமை பேசிக்கொண்டு உள்ளேயே படுத்திருக்கக் கூடாது. உடனே வெளியேறு என்று உத்தரவு வந்தால் வெளியேறத்தான் வேண்டும். 2025 ஜூலை 3 அன்று கோட்டயம் மெடிக்கல் காலேஜில் பழைய கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. மூடப்பட்ட பகுதி என்றுதான் முதலில் சொன்னார்கள், ஆனால் மகளின் சிகிச்சைக்கு வந்திருந்த ஒரு தாய் அங்கே குளிக்கப் போயிருந்தார், உயிரோடு வரவில்லை. மூடிய வீட்டில் துணி காயப்போடவும் ராத்திரி படுக்கவும் போய்வருபவர்கள் நம் தெருக்களில் எத்தனை பேர்!

வெளியேறும்போது, பாதுகாப்புக்காகத் தற்காலிகமாகத்தான் போகிறேன், வாடகை உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று இரண்டு வரி எழுதி, வீட்டுக்காரருக்கும் செக்ரட்டரிக்கும் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், பழைய ரிஜிஸ்டர் தபால் 2025இல் அதோடு சேர்ந்துவிட்டது. தபால் ரசீதை ரேஷன் கார்டோடு வையுங்கள், அதைத்தான் யாரும் தொலைப்பதில்லை.