சப்ளை செயினில் நியாயமான உழைப்பு: நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2012 ஆகஸ்டில் கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை எஸ்ஏ 8000 சான்றிதழ் பெற்றது. தொழிலாளர்களைச் சரியாக நடத்துகிறார்கள் என்பதற்கான சர்வதேசச் சான்று அது. சில வாரங்களில், செப்டம்பர் 11 அன்று, அங்கே தீப்பிடித்தது. ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் கதவுகளில் பூட்டு. 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஆடிட் ரிப்போர்ட்டை மட்டும் நம்பியிருப்பதுதான் முதல் தவறு. தேதி சொல்லிவிட்டு ஆடிட்டர் வந்தால், அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஓவர்டைம் கணக்குக்குத் தனி நோட்டு, காட்டுவதற்கு இன்னொரு நோட்டு. என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று தொழிலாளர்களுக்கு முன்பே பாடம் நடந்திருக்கும். சூப்பர்வைசரின் கண் படும் இடத்தில் யார் உண்மை பேசுவார்கள்? ஆலைக்கு வெளியே, அவர்கள் நம்பும் ஆட்களை வைத்துப் பேச வேண்டும்.

அதைவிட ஆழமான தவறு, கொள்முதல் பிரிவில் நடக்கிறது. சிஎஸ்ஆர் (நிறுவன சமூகப் பொறுப்பு) பிரிவு "கட்டாய ஓவர்டைம் கூடாது" என்று எழுதி அனுப்புகிறது. அதே நிறுவனத்தின் கொள்முதல் பிரிவு, துணி வெட்டும் நேரத்தில் நிறத்தை மாற்றச் சொல்கிறது. கப்பல் ஏற்றும் தேதி மட்டும் மாறாது. தாமதமானால் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு சப்ளையர் தலையில். நிறம் மாற்றியதில் போன நாட்களை அவர் எங்கிருந்து எடுப்பார்? தொழிலாளியின் தூக்கத்திலிருந்துதான். விலையும் கால அவகாசமும் மாறாமல் நடத்தை விதிகளை மட்டும் நீட்டுவது நேர்மையில்லை என்பேன்.

பள்ளிக்கூடம் கட்டுவதும் மரம் நடுவதும் நல்ல காரியங்கள்தான். கொடுக்காத கூலிக்கு அவை ஈடாகாது.

நேரடி சப்ளையரோடு நின்றுவிடுகிறவர்களும் உண்டு. சப்-கான்ட்ராக்ட் பட்டறைகளும், வேலைக்காகக் கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டிய புலம்பெயர் தொழிலாளர்களும் அதற்குக் கீழேதான் இருக்கிறார்கள். அந்தக் கட்டணத்தை முதலாளி ஏற்க வேண்டும். ஏற்கெனவே கட்டியிருந்தால் திருப்பித் தர வேண்டும்.

குழந்தைத் தொழிலாளர் இருப்பது தெரிந்ததும் ஆர்டரை ரத்து செய்துவிட்டு விலகுவதும் தவறு. வருமானம் போன குடும்பம் அந்தப் பிள்ளையை இன்னும் மோசமான வேலைக்கு அனுப்பக்கூடும். படிப்புக்கும், இழந்த வருமானத்துக்கும் ஏற்பாடு செய்து, வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்கு வேலை கொடுப்பதே பொறுப்பு.

தொழிற்சங்கத்தை ஒதுக்குவதன் விலையை, டாக்கா அருகே ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடத்தில் பார்த்தோம். 2013 ஏப்ரல் 23 அன்று சுவரில் விரிசல் தெரிந்ததும் கட்டடத்தில் இருந்த வங்கி, தன் ஊழியர்களை வெளியேற்றியது. ஆடைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் உள்ளே போகச் சொன்னார்கள். மறுத்துப் பேச அவர்களுக்குச் சங்கம் இல்லை. கட்டடம் இடிந்து விழுந்தது. 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்ட வங்கதேசத் தீ, கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் (Bangladesh Accord) அவர்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தியது. ஆய்வு முடிவுகளை வெளியிட வேண்டும், ஆபத்தான இடத்தில் வேலை செய்யத் தொழிலாளி மறுக்கலாம், பழுதுபார்க்கும் செலவு சப்ளையருக்குக் கட்டுப்படியாகும்படி பிராண்டுகள் வியாபார விதிமுறைகளைப் பேசி முடிக்க வேண்டும் என்று அதில் எழுதியே வைத்தார்கள்.