கறவை மாட்டில் பால் கூட: தராசிலிருந்து தொடங்குங்கள்

பால் குறைந்ததும் நம் ஊரில் பெரும்பாலானோர் செய்வது, தீவனக் கடைக்குப் போய் "இதைவிட நல்ல மூட்டை இருக்கா?" என்று கேட்பதுதான். விலை கூடிய மூட்டை வருகிறது. நாலைந்து நாள் கழித்துப் பார்த்தால் பால் அதே அளவில்தான் நிற்கிறது, கையிலிருந்த காசுதான் கரைந்திருக்கிறது. மதுரை சுற்று வட்டாரத்தில் ஒன்றிரண்டு கலப்பின மாடு வைத்திருப்பவர்களுக்கும், இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான். மூட்டையை மாற்றுமுன், இப்போது மாட்டுக்கு என்ன போடுகிறீர்கள், எவ்வளவு போடுகிறீர்கள் என்பதை நிறுத்துப் பாருங்கள். பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும்.

முதல் படி: மாட்டின் எடை

இன்ச் டேப் ஒன்று போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். அடுத்து, தோள் முனையிலிருந்து பின்பக்க எலும்பு முனை வரை நீளம். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வரும் விடையை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். சுற்றளவு 66 அங்குலம், நீளம் 60 அங்குலம் என்றால் ஏறக்குறைய 396 கிலோ. மாடு சமதரையில் நேராக நிற்க வேண்டும், டேப் தொங்கக் கூடாது.

இந்த எடையில் 3 சதவீதம் அளவுக்குக் கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்கு உலர்பொருள் தேவை. உலர்பொருள் என்பது தீவனத்திலிருந்து தண்ணீரைக் கழித்தால் மிஞ்சுவது. 400 கிலோ மாட்டுக்கு 12 கிலோ. பசும்புல்லில் ஐந்தில் ஒரு பங்குதான் உலர்பொருள், மீதி தண்ணீர். வைக்கோலிலும் புண்ணாக்குத் தீவனத்திலும் பத்தில் ஒன்பது பங்கு. ஒரு பெரிய கட்டுப் புல்லைப் போட்டுவிட்டு வயிறு நிறைந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: தண்ணீர்

பாலில் ஏறத்தாழ 87 சதவீதம் தண்ணீர். பத்து லிட்டர் கறக்கும் மாடு சித்திரை வெயிலில் 80 முதல் 100 லிட்டர் வரை குடிக்கும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை குளுதாடியில் காட்டுவது போதவே போதாது. மாடு கட்டியிருக்கும் இடத்திலேயே, நிழலில், எந்நேரமும் வாய் வைக்கும்படி தண்ணீர் இருக்கட்டும். தொட்டியைத் தினம் தேய்த்துக் கழுவுங்கள், பாசி பிடித்த தண்ணீரை மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். காசு செலவில்லாமல் பால் கூடும் வழி இது ஒன்றுதான்.

மூன்றாம் படி: பசுந்தீவனம்

நான் அதிகம் வற்புறுத்துவது இந்தப் படியைத்தான். மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் கால்வாய்ப் பாசனம் இருப்பதால் வைக்கோலுக்குக் குறைவில்லை. ஆனால் வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். வயிற்றை அடைக்கும், மடியை நிரப்பாது. மாட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நாம் தீனி போடுவது முதலில் அவற்றுக்குத்தான். அவை நாரைச் செரித்துத் தருவதையும், அவற்றின் உடலையுமே மாடு சத்தாக எடுத்துக்கொள்கிறது. புரதம் இல்லாத வைக்கோலை மட்டும் போட்டால் அந்த நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை, தின்றதும் சரியாகச் செரிப்பதில்லை.

கிணறோ போரோ இருந்தால் மாட்டுக்குப் பத்து சென்ட் கணக்கில் கோ-4 கம்பு நேப்பியர் புல் போடுங்கள். இரண்டு கணு உள்ள கரணையை 60-க்கு 50 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால், 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. முற்றவிட்டு ஆளுயரத்துக்கு மேல் போன தண்டை அறுத்துப் போட்டால் மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்கும், அந்த இழப்பை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அறுத்ததை ஒன்று, ஒன்றரை அங்குலத் துண்டாக நறுக்கிப் போடுங்கள்.

புல் மட்டும் போதாது. பசுந்தீவனத்தில் நாலில் ஒரு பங்காவது பயறு வகையாக இருக்கட்டும்: வேலிமசால், அகத்தி, தட்டைப்பயறு, கிளைரிசிடியா. வேலிமசாலை வரப்போரத்தில் விதைத்தால் தனி இடம்கூட வேண்டாம். உசிலம்பட்டி, சேடபட்டி, பேரையூர் மாதிரி மானாவாரிப் பகுதியில் இருப்பவர்களுக்கு வேலிமசாலும் அகத்தியும்தான் கை கொடுக்கும். பயறு வகையை வெறும் வயிற்றில் நிறையப் போடாதீர்கள், வயிறு உப்பிவிடும். முதலில் கொஞ்சம் வைக்கோலோ சோளத்தட்டையோ தின்னட்டும்.

சோளம் விதைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மழையில்லாமல் வாடி நிற்கும் இளம் சோளப்பயிரில் சயனைடு நச்சு இருக்கும். மாடு மேய்ந்த சிறிது நேரத்திலேயே விழுந்து செத்துப்போகும். பூக்கும் பருவம் வரும்வரை சோளக்காட்டுப் பக்கம் மாட்டை விடாதீர்கள். அறுத்த பிறகு அடிக்கட்டையிலிருந்து மறுபடி விடும் இளந்துளிரிலும் இதே ஆபத்து உண்டு.

நான்காம் படி: அடர்தீவனம்

அடர்தீவனம் என்பது தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்த தீவனம். கணக்கு எளிது. மாட்டின் உடம்புக்கு ஒன்றரை கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. பத்து லிட்டர் மாட்டுக்கு ஐந்தரை கிலோ. எருமை என்றால் இரண்டு லிட்டருக்கு ஒரு கிலோ. ஆறு மாதச் சினைக்கு மேல் ஒரு கிலோ கூட்டிப் போடுங்கள்.

வீட்டிலேயே கலக்க நினைத்தால் 100 கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளம் 35, கடலைப் புண்ணாக்கு 15, எள்ளுப் புண்ணாக்கு 12, கோதுமைத் தவிடு 20, அரிசித் தவிடு 15, தாது உப்புக் கலவை 2, சமையல் உப்பு 1. கடலைப் புண்ணாக்கை வாங்கும்போது ஒரு துண்டை உடைத்து மூக்கருகே பிடித்துப் பாருங்கள். எண்ணெய் வாசனை வர வேண்டும். ஊசல் வாடையோ உள்ளே பச்சை, கறுப்புப் பூசணமோ இருந்தால் விலை குறைத்துத் தந்தாலும் வேண்டாம். அந்தப் பூஞ்சை நச்சு மாட்டின் ஈரலைக் கெடுத்து, பாலிலும் இறங்கும். அந்தப் பாலைக் குடிப்பது நம் பிள்ளைகள்.

ஐந்தரை கிலோவையும் ஒரே வேளையில் கொட்டாதீர்கள். மூன்று வேளையாகப் பிரித்துப் போடுங்கள். கடை மூட்டைத் தீவனமே போடுகிறவர்கள் தாது உப்புக் கலவையைத் தினமும் 30 முதல் 50 கிராம் தனியாகச் சேர்க்கலாம். திருப்பரங்குன்றத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

மதுரை டவுனுக்குள் மாடு வைத்திருப்பவர்கள் ஓட்டலில் மிஞ்சிய சோறு, பரோட்டா, கஞ்சியை வாளி வாளியாக வைக்கிறார்கள். மாட்டுப் பொங்கலன்று வீட்டுக்கு வீடு பொங்கலை ஊட்டுவதும் இதே கதைதான். சோறு வயிற்றுக்குள் வேகமாகப் புளித்து அமிலமாகிறது, நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகின்றன, மாடு அசைபோடுவதை நிறுத்துகிறது. அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. பாசத்தோடு ஊட்டுவதென்றால் ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: எல்லாவற்றையும் ஒரு நாளில் பொருத்துவது

400 கிலோ எடையுள்ள, பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு: பசுந்தீவனம் 20 கிலோ (அதில் 5 கிலோ பயறு வகை), வைக்கோல் 3 கிலோ, அடர்தீவனம் ஐந்தரை கிலோ. உலர்பொருள் கணக்கில் 12 கிலோவை ஒட்டி வரும். கொக்கித் தராசு ஒன்றை வாங்கித் தொழுவத்தில் தொங்கவிடுங்கள். வெயில் காலத்தில் தீவனத்தின் பெரும்பங்கை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் போடுங்கள், நண்பகலில் மாடு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும், தின்னாது.

பழைய தீவனத்திலிருந்து புதியதற்கு ஒரே நாளில் மாறக் கூடாது. வயிற்று நுண்ணுயிர்கள் பழக ஒரு வாரம், பத்து நாள் வேண்டும். தினம் கொஞ்சமாகப் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். குடற்புழு நீக்கி ஆறு மாதம் தாண்டியிருந்தால் மருத்துவரிடம் காட்டி மருந்து கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஆறாம் படி: சாணியைப் பாருங்கள், நோட்டில் எழுதுங்கள்

மாடு என்ன தின்றது என்பதைச் சாணி சொல்லிவிடும். தரையில் விழுந்ததும் நடுவில் லேசாகக் குழிந்து, அடை போல வட்டமாக நின்றால் சரி. தண்ணீராகத் தெறித்து, புளித்த வாடை அடித்தால் மாவுச்சத்து அதிகம், நார் குறைவு. உருண்டையாகக் காய்ந்து விழுந்தால் தண்ணீரும் பசும்புல்லும் போதவில்லை. அதில் உடையாத மக்காச்சோளம் கிடந்தால் இன்னும் சன்னமாக உடைக்க வேண்டும். படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் அசைபோட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

பால் லிட்டரோடு, சொசைட்டியில் சொல்லும் கொழுப்பு அளவையும் எழுதி வையுங்கள். லிட்டர் அப்படியே இருந்து கொழுப்பு மட்டும் இறங்கினால் முதலில் வைக்கோலைக் கூட்டுங்கள், ஏனென்றால் பாலின் கொழுப்பு பெரும்பாலும் நார் செரிப்பதிலிருந்து வருகிறது. விலை போடும்போதும் கொழுப்பைப் பார்க்கிறார்கள்.

கன்று ஈன்ற ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் பால் உச்சத்துக்கு வரும். அந்தச் சமயத்தில் தீவனம் சரியாக இருந்தால் அந்த ஈத்து முழுக்கப் பலன் தெரியும். ஏழெட்டு மாதம் கறந்து வற்றப்போகும் மாட்டுக்கு மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் மாடு கொழுக்குமே தவிர மடி பெருக்காது. புலிக்குளம் போன்ற நம் நாட்டு மாடுகள் உழைப்புக்கும் ஓட்டத்துக்கும் பேர்போனவை, அவற்றிடம் ஜெர்சிக் கலப்பின் பாலை எதிர்பார்க்கக் கூடாது.

அடுத்த கன்றுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கறப்பதை நிறுத்திவிடுங்கள். நன்றாகக் கறக்கும் மாடு ஈன்ற ஓரிரு நாளில் தள்ளாடி, காது சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்துக்கொண்டால் அது சுண்ணாம்புச் சத்து திடீரென இறங்குவதால் வரும் பால் காய்ச்சல். கைவைத்தியம் பார்த்து நேரத்தைப் போக்காமல் உடனே கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குப் போன் செய்யுங்கள். மருத்துவர் நரம்பில் கால்சியம் ஏற்றினால், விழுந்து கிடந்த மாடு பெரும்பாலும் அன்றைக்கே எழுந்து நிற்கும்.