‘ஹோலிஸ்டிக்’ என்றால் பச்சிலை வைத்தியமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியத் தோட்டப் பட்டணங்களில் ‘ஹோலிஸ்டிக்’ என்றதுமே மூலிகையும் எண்ணெய்க் குளியலும்தான் பலர் நினைவுக்கு வருகின்றன. முதல் தவறு அதுதான். ‘முழு’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து தென்னாப்பிரிக்க அரசியல் தலைவர் ஜான் ஸ்மட்ஸ் 1926-இல் ‘ஹோலிசம்’ என்ற சொல்லை உருவாக்கினார். அவர் மருந்து வகையைச் சொல்லவில்லை. பகுதிகள் ஒன்றோடொன்று பிணைந்து இயங்கும்போது, தனித்தனியே பார்த்தால் தெரியாத ஒரு தன்மை பிறக்கிறது என்பதே கருத்து. கிளினிக் டாக்டரும் முழுமையாகப் பார்க்கலாம். சித்த வைத்தியரும் துண்டு துண்டாகப் பார்க்கலாம்.

சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் சீவும் ஒருவருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) என்று வைத்துக்கொள்வோம். விடியுமுன் சர்க்கரையை இறக்கும் கிளிக்லாசைட் மாத்திரையை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு மலைக்காட்டுக்குப் போகிறார். பசியாறுவது பத்து மணிக்கு. இடையில் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, வியர்க்கிறது. பயந்துபோய் இரண்டு கிளாஸ் தே தாரிக் (இனிப்பான பால் தேநீர்) குடிக்கிறார், சர்க்கரை எகிறுகிறது. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை அளவு கூடுகிறது. கிளினிக்கில் மாத்திரையின் அளவைக் கூட்டுகிறார்கள். நடுக்கமும் கூடுகிறது. இங்கே மாத்திரை, உழைப்பு, தேநீர் எதுவும் தனியாகக் குற்றவாளி அல்ல. இவை சேர்ந்து ஒரு சுழல் ஆகிவிட்டன. அந்தச் சுழலைக் காண்பதுதான் முழுமைப் பார்வை.

“எல்லாமே எல்லாவற்றோடும் சம்பந்தப்பட்டது” என்று சொல்லி நிறுத்திவிடுவது அடுத்த தவறு. அதனால் யாருக்கும் பயனில்லை. நான்கு நாள் ஒரு தாளில் மாத்திரை நேரம், சாப்பாடு, வேலை தொடங்கிய நேரம், இனிப்புப் பானம், நடுக்கம் வந்தபோது எடுத்த ரத்தச் சர்க்கரை அளவு ஆகிய ஐந்தை மட்டும் எழுதுங்கள். அந்தத் தாளை கிளினிக்கில் காட்டி, மாத்திரையைச் சாப்பாட்டோடு ஒட்டி மாற்றலாமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். ரத்தச் சர்க்கரை அளவு லிட்டருக்கு 4.0 மில்லிமோலுக்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள்.

பரிசோதனையே முழுமைக்கு எதிரி என்று நினைப்பவர்களும் உண்டு. விரல் நுனி ரத்தச் சொட்டு இல்லாமல் மேலே சொன்ன சுழல் கண்ணில் படாது.

1977-இல் ஜார்ஜ் எங்கல் என்ற மருத்துவர் உடல், மனம், சமூகச் சூழல் மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். அதைத் திரித்து, “மனசு சரியில்லை, அதான் சீக்கு” என்று நோயாளி தலையில் பழி போடுவது கொடுமை. வேலை நேரமும் சம்பளமும் சமூகச் சூழல்தான்.

பாகற்காய்ச் சாற்றை டாக்டரிடம் மறைப்பது இன்னொரு தவறு. அதுவும் சர்க்கரையை இறக்கக்கூடும். மாத்திரையோடு சேர்ந்தால் இறக்கம் இன்னும் ஆழமாகலாம். எத்தனை கிளாஸ், எந்த நேரம் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.